மலை தேய்ந்த நிலம்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மலை என்பது பாடப்புத்தகத்தில் பார்க்கிற பொருள். குடாநாட்டில் எங்கே கிணறு வெட்டினாலும் அகப்படுவது சுண்ணாம்புக்கல். பழைய மதில்களும் கேணிகளும் அந்தக் கல்தான். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அரைத்துத் தள்ளியதும் அதைத்தான். மயோசீன் காலத்தில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆழமில்லாத கடலில் சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியது. இன்றைக்கும் உடைத்துப் பார்த்தால் சிப்பியின் வரி தெரியும்.

ஆனால் போருக்குப் பிறகு குடாநாட்டில் எழும்பிய வீடுகளின் கொங்கிறீற்றுக்குள் கிடப்பது அந்தக் கல் அல்ல. அது வன்னியிலிருந்து ரிப்பரில் வந்து பறிபடுகிற கருங்கல் சல்லி. அதில் ஒரு துண்டை எடுத்துக் கழுவிப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமான வரிகளுக்கு நடுவே சில வேளை கடுஞ்சிவப்புப் பொட்டுகள் இருக்கும். அவை கார்னட். இந்தக் கல்லில் இருக்கிற மாதிரிக் கார்னட் வளர, பாறை பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்துக்குப் போய், 700 பாகைக்கு மேலே சூடேறி, மேலே உள்ள கல்லின் பாரம் முழுவதையும் தாங்கியிருக்க வேண்டும். அவ்வளவு ஆழத்துக்குப் போன கல், வவுனியாவில் ஒரு மனிதர் அலவாங்கு போட்டு நெம்பும் உயரத்துக்கு எப்படி வந்தது? அதைக் கேட்டுக்கொண்டுதான் ஆனி மாதத்தில், குளங்கள் வற்றிக் கல் வெளியே தெரிகிற காலம் பார்த்து, மச்சானும் நானும் வெளிக்கிட்டோம்.

ஆனையிறவு

இருபுறமும் உப்பளம். சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. பாத்திகளின் விளிம்பில் உப்பு வெள்ளையாகக் கட்டியிருந்தது. மச்சான் வாகனத்தை மெதுவாக விட்டான்.

"மலையைப் பற்றி எழுதப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வன்னிக்குக் கூட்டிக்கொண்டு போறாய். உங்கை எங்கையடா மலை?"

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏ9 வீதியில் 140 கிலோமீற்றர் போனாலும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர்தான் ஏறியிருப்போம். இத்தனை தட்டையான நிலத்தில் மலையைத் தேடுவது வீண்வேலை மாதிரித்தான் படும். நான் அவனுக்கு இமயமலையில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.

இந்தியக் கண்டத்தட்டு வடக்கே நகர்ந்து சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவோடு மோதியது. கடலடித்தரை கனமானது, ஆகவே கண்டத்துக்குக் கீழே அமிழ்ந்துபோகும். கண்டம் இலேசான கல்லால் ஆனது, அப்படி அமிழாது. இரண்டு கண்டங்கள் முட்டினால் புவியின் வெளி ஓடாகிய புவியோடு மடிந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தடிக்கும். சாதாரணமாக 35, 40 கிலோமீற்றர் தடிப்புள்ள புவியோடு திபெத்துக்கு அடியில் 70 கிலோமீற்றர் வரை இருக்கிறது. நாங்கள் படத்தில் பார்க்கும் பனிச்சிகரம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும் 8 கிலோமீற்றர் மட்டுந்தான். மலையின் பெரும்பகுதி கீழே இருக்கிறது. அந்த வேருக்குள் அகப்பட்ட கல் வேகும், உருகும் நிலைக்கு வரும், கனியங்கள் எல்லாம் மாறிப் புதிதாகப் பளிங்காகும். இமயத்தில் இது இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் போய்ப் பார்க்க வழியில்லை. 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு யாராலும் துளைக்க முடியாது.

பார்க்க வேண்டுமென்றால், மோதல் முடிந்து, சிகரமெல்லாம் தேய்ந்து, வேர் வெளியே வந்துவிட்ட ஒரு பழைய மலைத்தொடரைத் தேடிப் போக வேண்டும். "அது பரந்தன் தாண்டினாப் பிறகு வரும்" என்றேன். மச்சான் சிரிக்கவில்லை. வேகத்தைக் கூட்டினான்.

முறிகண்டி, இரணைமடு

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த வழியால் யாரும் போவதில்லை. உடைத்து, சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டு, வந்த வழியே சிறிது திரும்பி இரணைமடுப் பக்கம் போனோம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இந்தக் குளம்தான் வட மாகாணத்திலேயே பெரியது. கிளிநொச்சியின் சிறுபோகம் இதன் தண்ணீரை நம்பியது. ஆனியில் தண்ணீர் உள்வாங்கி, அலைகரையில் எருமைகள் சேற்றுக்குள் கிடந்தன.

அணைக்கட்டிலிருந்து இறங்கினால் கால் படுவது செம்மண்ணும் பரலும். இந்தச் செம்மண் படையும் அதற்கு அடியில் உள்ள பரல் படையும் தொல்லியலில் 'இரணைமடுப் படை' என்றே பேர் பெற்றவை. சிரான் தெரணியகல இந்தப் பரலுக்குள் கற்கால மனிதரின் கருவிகளைக் கண்டு விரிவாக எழுதினார். இலங்கைத் தீவில் மனிதர் வாழ்ந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் அவையும் அடங்கும்.

நான் குனிந்து பரலைப் பொறுக்கினேன். ஏறக்குறைய எல்லாமே குவாட்ஸ். பால்வெள்ளை, சில துருநிறம். கருங்கல் மழையிலும் வெயிலிலும் உக்கும்போது அதில் உள்ள பெல்ட்ஸ்பார் களிமண்ணாகிப்போகும், இரும்பு துருவாகி மண்ணைச் சிவப்பாக்கும். குவாட்ஸ் மட்டும் அழியாமல் கிடந்து உருளும். ஆக, இந்தச் செம்மண்ணும் இந்தப் பரலும் எங்கேயோ தெற்கில் இருந்த கல்லின் இரண்டு மிச்சங்கள். கனகராயன் ஆறு அந்தத் தெற்கிலிருந்துதான் வருகிறது. அதன் போக்குக்கு எதிராகப் போனால் கல்லிடம் போய்ச் சேரலாம்.

மதியம் குளத்தங்கரைக்குக் கிட்ட ஒரு வீட்டுக் கடையில் சோறு. விரால் மீன் குழம்பு, பொன்னாங்காணிச் சுண்டல், கத்தரிக்காய்ப் பால்கறி. குடாநாட்டில் கடல்மீனைத் தவிர வேறொன்றையும் மீனாக மதிக்காத ஆட்கள் நாங்கள். மச்சான் இரண்டாம் முறை குழம்பு கேட்டபோது கடைக்கார அக்காவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

"யாழ்ப்பாணத்து ஆக்கள் குளத்து மீன் மணக்கும் எண்டுவினம். நீங்கள் சாப்பிடுறியள்."

"புளி கூடப் போட்டிருக்கிறியள் அக்கா, அதுதான் சரி."

அவர் 2009க்கு முந்தைய இடப்பெயர்வையும், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல் மட்டும் கிடந்ததையும் சொன்னார். அத்திவாரத்துக் கருங்கல்லை யாரும் கொண்டுபோகவில்லை. அதன் மேலேயே மறுபடி கட்டினார்களாம்.

வவுனியா வடக்கு

மாங்குளம் தாண்டிக் கனகராயன்குளம், புளியங்குளம் என்று போகப்போக வீதியோரத்தில் பாறை முதுகுகள் தெரியத் தொடங்கும். யானை படுத்த அளவில் சில, ஒரு வளவு அளவில் சில. அருகே போனால் வழவழப்பாக, சூடாக இருக்கும். அறுவடைக் காலத்தில் நெல் காய வைக்க இதைவிட நல்ல தளம் கிடையாது. ஒலுமடுவுக்கு அப்பால் உள்ள வெடுக்குநாறி மலை, முல்லைத்தீவுப் பக்கத்துக் குருந்தூர் மலை ஆகியவையும் இதே வகைப் பாறைக் குன்றுகள்தான். அவை இன்று வழக்குகளும் மனத்தாங்கல்களும் சூழ்ந்த இடங்கள். தட்டையான நிலத்தில் தலைதூக்கி நிற்கும் கல்லில் மனிதர் தெய்வத்தைக் கண்டது இயல்பு.

ஒரு சிறிய கல்லுடைப்பு இடத்தில் இறங்கினோம். பெரிய இயந்திரங்கள் இல்லை. வயதான ஒருவரும் அவருடைய மருமகனும் சம்மட்டி, உளி, அலவாங்கோடு நின்றார்கள். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்லு எடுக்க வந்தனீங்களோ தம்பி?"

"இல்லை ஐயா, கல்லைப் பார்க்க வந்தனாங்கள்."

அவர் அதை வினோதமாக எடுக்கவில்லை. காலமெல்லாம் கல்லைப் பார்த்தவர். வரியோடிய கல்லையும் கரும்பச்சையாக எண்ணெய் பூசினாற்போல மினுங்கிய கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"வரி உள்ளது வரியோடை பிளக்கும். சுகம். இந்தக் கறுப்பு இருக்கே, இதுக்கு வரி இல்லை. எங்கை அடிச்சாலும் சன்னம் பறக்கும், கல்லு அசையாது."

வரியுள்ளது நைஸ். மற்றது சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக் கல்லைப் பார்த்து 1893இல் தோமஸ் ஹொலன்ட் வைத்த பேர். அந்தச் சமாதிக்கல் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போனது. சென்னை விமான நிலையத்தில் இறங்கியவர்கள் எல்லோரும் அந்தக் குன்றுகளைக் கண்டிருப்பார்கள். பல்லாவரத்துக் கல் 250 கோடி ஆண்டுப் பழையது. வன்னிக் கல்லுக்கு வயதில் கிட்டிய உறவு இன்னும் தெற்கே, நாகர்கோவில் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் கல் வெந்தது ஒரே மோதலில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

அந்த மோதலைச் சொல்ல வேண்டும். இன்றைய ஆபிரிக்காவின் பெரும்பகுதி ஒரு பக்கம். இந்தியா, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றின் பழைய துண்டுகள் மறுபக்கம். நடுவில் ஒரு சமுத்திரம். அது 65 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையான காலத்தில் ஒடுங்கி மூடுண்டது. கண்டங்கள் முட்டி, 'கொண்டுவானா' என்ற பெருங்கண்டம் ஆயின. முட்டிய தையலில் அரேபியாவில் தொடங்கிக் கிழக்காபிரிக்கா, மடகஸ்கார், தென்னிந்தியா, இலங்கை, கிழக்கு அந்தாட்டிக்கா வரை ஒரு மலைப்பட்டி எழுந்தது. உயரத்தில் இமயத்துக்குக் குறைந்ததாக அது இருந்திருக்கக் காரணமில்லை. அதன் நடுவயிற்றில் இருந்தது இந்தத் தீவு. இலங்கையின் அடித்தளப் பாறைகளை 1991இல் அல்பிரட் குரோனர், பி. ஜி. கூரே, பி. டபிள்யூ. விதானகே ஆகியோர் வகைப்படுத்தியபோது வடமேற்குப் பகுதிக்கு வைத்த பேர் 'வன்னித் தொகுதி'. உலகத்துப் புவியியல் சஞ்சிகைகளில் வன்னி என்ற பேர் அடிக்கடி அடிபடுவது இதனால்தான். போர்ச் செய்திகளுக்காக மட்டும் வன்னியை அறிந்த உலகத்தில், இந்தப் பேரை இன்னொரு காரணத்துக்காக உச்சரிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பெரியவர் உடைத்துப்போட்ட குவியலில் ஒரு துண்டை எடுத்தேன். உள்ளங்கை அளவு. மிளகளவில் கார்னட் ஐந்தாறு. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். நகத்தால் தடவினால் எல்லை தெரியாது, வெயிலில் சரித்தால் தெரியும். கல் மேலே வந்த கதை அந்த வளையத்தில்தான் இருக்கிறது. கார்னட் அழுத்தத்தில் வளரும் கனியம். ஆழத்தில் வளர்ந்தது. பிறகு கல் இன்னும் சூடாக இருக்கும்போதே மேலே வரத் தொடங்கிப் பாரம் குறைந்தது. குறைந்த அழுத்தத்தில் கார்னட் தன் விளிம்பிலிருந்து கரைந்து, பக்கத்துக் குவாட்ஸோடு சேர்ந்து வெள்ளை பெல்ட்ஸ்பாராக மாறத் தொடங்கியது. முழுவதும் மாறுமுன் கல் குளிர்ந்துவிட்டது. பாதியில் நின்ற அந்த மாற்றந்தான் வளையம். ஆய்வுகூடத்தில் இந்தக் கனியங்களின் சேர்மானத்தை அளந்து வெப்பத்தையும் ஆழத்தையும் கணக்கிடுகிறார்கள். வன்னித் தொகுதிக்கு 20 கிலோமீற்றர் அளவு ஆழம் வருகிறது. மத்திய மலைநாட்டின் கிழக்குப் பக்கத்துக்கு 30 வரை.

இன்னொரு கணக்கும் உண்டு. இன்றைக்கும் இலங்கைக்கு அடியில் 30 முதல் 40 கிலோமீற்றர் தடிப்புக்குப் புவியோடு இருக்கிறது. நாங்கள் நிற்கும் கல்லுக்கு மேலே ஒரு காலத்தில் இன்னும் 20 கிலோமீற்றர் இருந்தது என்றால், கூட்டிப் பாருங்கள். 55க்கு வரும். சாதாரணக் கண்டத்துக்கு அந்தத் தடிப்பு வராது. மோதிய கண்டத்துக்கே வரும்.

இதையெல்லாம் பெரியவரிடம் முடிந்தவரை சொன்னேன். ஆழத்தை நம்பச் சிறிது தயங்கினார். பாரம் குறைந்த கதையை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார்.

"அது சரிதான். மேல் தட்டைக் கழட்டினா அடுத்த தட்டு தன்பாட்டிலை வெடிக்கும். சில நாள் இரவிலை சத்தம் கேட்கும். ஆரும் அடிக்கேல்லை, வெடி வைக்கேல்லை. கல்லு மூச்சு விடுகுது எண்டு எங்கட அப்பா சொல்லுவார்."

பாறைகள் வெங்காயத் தோல்போலத் தட்டுத்தட்டாகக் கழருவதற்குப் புவியியலார் சொல்லும் முக்கியமான காரணமும் அதுவே. மேலே இருந்த பாரம் அரிபட்டுப் போக, இறுகிக் கிடந்த கல் விரிந்து மேற்பரப்புக்குச் சமாந்தரமாகப் பிளக்கிறது. அவர் தகப்பனிடம் கேட்ட பாடம் எனக்குப் புத்தகத்தில் கிடைக்க எத்தனையோ காலம் ஆனது.

வவுனியா

அன்றிரவு தங்கிய உறவினர் வீட்டில் தேநீர் ஊற்றக் கான் தண்ணீர் எடுத்தார்கள். கிணறு முற்றத்திலேயே இருக்கிறது. குளிக்க, மரக்கறிக்கு ஊற்ற மட்டும் அது. குடிப்பதற்கு ஆர்.ஓ. தண்ணீர் வாங்குகிறார்கள். வவுனியாவில் பல கிணறுகளில் புளோரைட்டு கூட. பிள்ளைகளின் பற்களில் மண்ணிறக் கறை படிவது அதனால்தான்.

இதுவும் கல்லின் வேலை. ஆழத்தில் வெந்தபோது பயோட்டைட், ஹோர்ன்பிளெண்ட், அபட்டைட் போன்ற கனியங்களுக்குள் புளோரின் இடம்பிடித்துக்கொண்டது. குழாய்க்கிணறு போகும் ஆழத்தில், கல் வெடிப்புகளுக்குள் தண்ணீர் நீண்ட காலம் தங்கும்போது அது மெல்லக் கரைந்து வெளியே வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வறண்ட வலயத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் ஏராளம்.  இங்கே கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய்க்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ச்சி நடக்கிறது. காரணம் இன்னும் உறுதிப்படவில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க முடியாது. மாதம் மாதம் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்கள். மழைநீரைச் சேமிக்கத் தொட்டி கட்டிக் கொடுப்பதும் கிணற்றுக்குக் கிணறு புளோரைட்டு அளந்து சொல்வதும் பெரிய செலவல்ல. இந்த மண்ணில் அவை எப்போதோ எல்லா ஊருக்கும் வந்திருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்குக் குரக்கன் புட்டும் எருமைத் தயிரும். சிறு சட்டியில் உறைந்த தயிர், கவிழ்த்தாலும் விழாது. மேலே காட்டுத் தேன். யாழ்ப்பாணத்தில் தயிர் கடையில் வாங்குகிற பொருளாகிவிட்டது.

கற்சிலைமடு

புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி வழியாக ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியில் காடு இருபக்கமும் நெருங்கி வரும். பாலைப்பழக் காலம். சின்னப் பிள்ளைகள் சருவச்சட்டியில் மஞ்சள் பழத்தை வைத்துக்கொண்டு வீதியோரம் நின்றார்கள். பால் உதட்டில் ஒட்டும், அதற்காகச் சாப்பிடாமல் விட முடியுமா.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுக் கற்சிலைமடுவுக்கு வந்தோம். 1803 ஒக்ரோபர் 31இல் வன்னி அரசன் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேக் இந்த இடத்தில் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் பொறித்து நட்ட நடுகல்லால் அறியப்படும் ஊர். வெற்றியாளர் தன் பெருமைக்காக நட்டது. ஊர் அதைத் தோற்றவனின் நினைவாகவே காத்தது.

அங்கே நின்று ஒரு கணக்குப் போட்டேன். கல்லுக்கு மேலே இருந்த 20 கிலோமீற்றரை 55 கோடி ஆண்டுகளால் வகுத்தால், சராசரியாக ஒரு மில்லிமீற்றர் கல் அரிபட ஏறத்தாழ 27 ஆண்டுகள். தொடக்கத்தில் வேகம் கூட, பின்னால் மிகக் குறைவு. 46 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தப் பாறைகள் 300 பாகைக்குக் கீழே ஆறியிருக்கின்றன என்று அவற்றின் பயோட்டைட் சொல்கிறது. சராசரியையே எடுத்துக்கொண்டால், பண்டாரவன்னியன் காலத்திலிருந்து இன்றுவரை 8 மில்லிமீற்றர். 1983 முதல் 2009 வரை நடந்த போரின் காலம் முழுவதற்கும் ஒரு மில்லிமீற்றர். மச்சான் இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

முல்லைத்தீவு

கல் இங்கே முடிந்து மணல் தொடங்கும். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கல் முடிந்து சில வாரங்கள்தான். நந்திக்கடல் ஓரத்தில் கடைகளுக்குப் போட்ட தடிகள் இன்னும் நின்றன. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் ஓடும் ஒடுங்கிய மணல் திட்டில்தான் முள்ளிவாய்க்கால். வாகனத்தை நிறுத்தி நடந்தோம். 2009இல் பதுங்குகுழி வெட்டியவர்களுக்கு இங்கே கல்லும் இல்லை, மரமும் போதவில்லை. பெண்கள் கூறைச் சீலைகளைக் கிழித்துப் பை தைத்து மணலை நிரப்பி அடுக்கினார்கள். அந்த மணல் காற்றிலும் தண்ணீரிலும் வன்னியின் கல்லிலிருந்து பிரிந்து வந்தது. அதைப் பற்றி அங்கே நின்று புவியியல் கதைக்க எனக்கு மனம் வரவில்லை. கும்பிட்டுவிட்டுத் தெற்கே போனோம்.

கொக்கிளாய்

அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் என்று கடலோரமாகப் போகும் வழி. 1984இல் இந்த ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் கால் நூற்றாண்டு கழித்தே திரும்பினார்கள். கொக்கிளாய்க் கரையில் மணல் ஒரு நிறமல்ல. அலை ஏறி இறங்கும் இடத்தில் கறுப்புப் பட்டி, அதன் மேல் விளிம்பில் சிவப்புச் சாயல், பிறகுதான் வெள்ளை. ஒரு பிடி கறுப்பை அள்ளினால் கை இறங்கும் அளவுக்குப் பாரம். அது இல்மனைட். சிவப்பு கார்னட், வவுனியாவில் வளையத்தோடு பார்த்த அதே கனியம், இங்கே வளையமும் உடைந்து தனிமணியாகக் கிடக்கிறது. இடையில் ஊசிமுனையளவு மினுங்கும் சிர்க்கோன். இலேசான மணலை அலை இழுத்துப்போக, பாரமானது கரையில் தங்கும்.

களப்பின் வாயைத் தாண்டித் தெற்கே இருப்பது புல்மோட்டை. அங்கே கனிய மணல் பல பத்தாண்டுகளாக அகழப்படுகிறது. இல்மனைட்டிலிருந்து வரும் தைத்தானியம் ஒக்சைட்டுத்தான் உலகமெங்கும் வெள்ளைப் பெயின்ற் ஆகிறது. இந்தத் தீவின் கனியங்களை முறையாகத் தேடத் தொடங்கிய கனிய அளவைத் துறையின் முதல் இயக்குநர் ஒரு தமிழர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அவர் அதற்கு முன்பு, 1903 முதல் 1906 வரை, கல்லையும் பரலையும் தேடி அலைந்தவர். தோரியனைட் என்ற கனியம் 1904இல் அவர் கண்டெடுத்தது. எங்கள் பள்ளிக்கூடங்களில் அவரைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய குறை.

சிர்க்கோனின் சிறப்பு வேறு. அது வளரும்போது யுரேனியத்தை உள்ளே எடுக்கும், ஈயத்தை எடுக்காது. யுரேனியம் சிதைந்து ஈயமாகும் வேகம் தெரியும். ஆகவே மணியை அளந்தால் வயது வரும். இரத்தினபுரிப் பக்கத்துப் பரலில் கிடைத்த இலங்கைச் சிர்க்கோன்கள், சுமார் 56 கோடி ஆண்டு வயதுள்ளவை, உலகின் பல ஆய்வுகூடங்களில் மற்றச் சிர்க்கோன்களின் வயதைச் சரிபார்க்கும் அளவுகோலாகப் பயன்படுகின்றன.

ஒரு படகு வந்து சேர்ந்தது. இறால், நண்டு, வலை, இயந்திரம் என்று ஒவ்வொன்றாக இறக்க இறக்கப் படகு தண்ணீரில் மேலெழும்பியது. மலையின் வேரும் இப்படித்தான் எழும்பியது. புவியோடு தனக்குக் கீழே உள்ள, தன்னிலும் கனமான மென்மூடியின் மேல் மிதக்கிறது. மழையும் ஆறும் மேலே ஒரு கிலோமீற்றரை அரித்துப்போனால், பாரம் குறைந்த அடிப்பாகம் ஏறத்தாழ 800 மீற்றர் எழும்பும். மறுபடி அரிபடும், மறுபடி எழும்பும். இதோடு தடித்த புவியோடு சூட்டில் இளகித் தன் பாரத்தாலேயே பக்கவாட்டில் பரந்து மெலிவதும் சேர்ந்துகொள்ளும். இப்படியே நடந்து நடந்து, ஆழத்தில் இருந்தது மேலே வந்தது, மேலே இருந்தது கடலுக்குப் போனது. நுவரெலியாப் பக்கத்து மலைகள் அந்தப் பழைய சிகரங்களின் மிச்சம் என்று நினைக்கக் கூடாது. அவையும் வேர்தான், மிகப் பிந்திய காலத்து எழுச்சியில் உயர்ந்து நிற்கின்றன.

படகுக்கார அண்ணை நண்டை எடுத்து வைத்துவிட்டு எங்கள் கையில் இருந்த கறுப்பு மணலைப் பார்த்தார்.

"அளக்க வந்த ஆக்களோ?"

"இல்லை அண்ணை, சும்மா பார்க்க."

"முந்தியும் இப்பிடிச் சும்மா பார்க்க எண்டுதான் வந்தவை." குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. இந்தக் கரையிலும் மணல் அகழும் பேச்சு எழுந்தபோது ஊரவர் எதிர்த்து நின்றார்கள். வாடி போட்ட இடமும் கரைவலை இழுக்கும் இடமும் போய்விடும் என்பதுதான் அவர்களின் பயம்.

"கறுப்பு மண் மாரிக்குப் பிறகு திரும்ப வரும் எண்டு சொல்லுகினம். வருகிறதுதானே அண்ணை?"

"வரும். வாடைக் காத்து நல்லா அடிச்சாக் கூட வரும். சில வருசம் வராது. வராத வருசம் கடல் அந்தப் பனையடி மட்டும் ஏறினது."

பருவக்காற்று கனிய மணலைக் கரைக்கு ஒதுக்குவது உண்மை. ஆனால் அது கடலடியில் ஏற்கெனவே சேர்ந்து கிடப்பதைப் புரட்டிக் கொண்டுவருவது. புதிதாக ஒரு மணி கார்னட் வன்னிக் கல்லிலிருந்து கழன்று வருகிற வேகம் நான் கற்சிலைமடுவில் போட்ட கணக்கின் வேகம். ஆற்றுமணலை வீடு கட்ட அள்ளி, குளங்களில் மண்டியை மறித்துவிட்ட பிறகு அந்த வேகமும் இல்லை. ஒரு பிடி அகழுமுன்பு இந்தக் கரைக்கு ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று பல மாரிகள் அளந்து, அந்தக் கணக்கை ஊரவருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாத யாருக்கும் இங்கே மண்வெட்டி போட உரிமை இல்லை என்பது என் எண்ணம். அதை அவரிடமே சொன்னேன்.

"அளக்கிறதெண்டால் எங்களையும் சேர்க்கச் சொல்லுங்கோ," என்றார் அண்ணை. "எந்த மாரியிலை எவ்வளவு ஏறினது எண்டு இந்தக் கரையிலை சின்னப் பெடியளுக்கும் தெரியும்."